கன்ட்ரோல் அக்கா

"இதுல எது சீக்காளி, சொல்லு" என்றார் அக்கா.

நான் அந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த இரண்டாம் நாள். நுண்ணோக்கியின் கீழே இரண்டு பிளாஸ்டிக் குடுவைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கச் சொன்னார். இரண்டிலும் மனிதக் கல்லீரல் செல்கள். ஒன்றில் அவை கூழாங்கல் பாவிய தரைபோல நெருங்கி, மினுமினுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தன. மற்றதில் சுருங்கி, உருண்டு, பாதி மிதந்துகொண்டிருந்தன. இதற்கெல்லாம் யோசனை எதற்கு? மிதந்துகொண்டிருந்ததைக் காட்டினேன்.

"அதான் இல்ல. அதுக்குள்ள வைரஸே கிடையாது. அதனாலதான் சாகுது."

நான் முழித்தேன். அவர் சொன்னது இதுதான். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸை ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பது லேசில்லை. நோயாளியின் ரத்தத்தை எடுத்து ஊற்றினாலும் செல்லுக்குள் அது தங்காது. அதனால் வெளிநாட்டில் சிலர் வைரஸின் மரபணுவில் ஒரு பகுதியை மட்டும் எடுத்து, ஒரு நஞ்சைத் தாங்கும் சக்தியையும் அதோடு கோத்து, செல்லுக்குள் விட்டார்கள். அதற்கு வெளியே வந்து யாரையும் தொற்றத் தெரியாது. உள்ளே இருந்து பெருக மட்டும் தெரியும். பிறகு குடுவையில் அந்த நஞ்சை ஊற்றினார்கள். வைரஸ் உள்ள செல் தாங்கும். இல்லாத செல், நான் காட்டிய குடுவையில் இருந்ததுபோல, சாகும். அப்படித் தப்பிப் பிழைத்த செல்களைத்தான் எங்கள் பேராசிரியர் வாங்கிவந்து வளர்த்துக்கொண்டிருந்தார். மருந்தென்று எதைக் கண்டாலும் முதலில் அவற்றின் மேல்தான் ஊற்றிப் பார்ப்போம்.

"ஆக, நோய் இருக்கிறதுதான் உயிரோட இருக்கு" என்று சொல்லிவிட்டுக் குடுவைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நல்லது நல்லதாகவும் கெட்டது கெட்டதாகவும் பார்த்தாலே தெரியும் என்ற நம்பிக்கையில்தான் அறிவியல் படிக்க வந்திருந்தேன். இரண்டாம் நாளே அதில் ஓட்டை விழுந்தது.

அக்கா என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். மதுரையின் பழைய தெருக்களில் ஒன்றில் வீடு. அப்பாவுக்குப் பட்டு நூலுக்குச் சாயம் போடும் தொழில். வீட்டில் சௌராஷ்டிரம், எங்களோடு அசல் மதுரைத் தமிழ். ஒல்லியான உருவம், கழுத்துவரை வெட்டிய தலைமுடி, எப்போதும் மூக்கின் பாதியில் நிற்கும் கண்ணாடி. ஆய்வுக்கூடத்தில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கன்ட்ரோல் அக்கா. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவோம். ஏனென்று அவர் கேட்டதில்லை, அவருக்கே தெரியும்.

ஒரு மருந்தை ஒரு குடுவையில் போட்டால், பக்கத்திலேயே மருந்து போடாத இன்னொரு குடுவையை வைக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் கன்ட்ரோல். அது இல்லாமல் மருந்து வேலை செய்ததா, தானாக நடந்ததா என்று சொல்ல முடியாது. இது எல்லோரும் படிக்கும் பாடம். நாங்கள் அதை ஆய்வுக்கூடத்தோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். அவர் தெருவுக்கும் எடுத்துக்கொண்டு போவார்.

எங்களோடு படித்த ஒருவன் புது பைக் வாங்கி, முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிக்கொண்டு வந்தான். "மூணு மாசமா ஒரு கீறல் இல்லக்கா, எல்லாம் இதோட மகிமை" என்றான்.

"கட்டாத வண்டி எத்தன விழுந்துச்சுன்னு பாத்தியா?"

"அக்கா, ஒங்ககிட்ட நல்ல வார்த்த சொல்ல வந்தேன் பாருங்க, என்னச் சொல்லணும்."

"கோவப்படாத மாப்ள. நாளைக்குக் கழட்டிட்டு ஓட்டு. விழுந்தீன்னா நானே வந்து கட்டி விடுறேன்."

எதிரே இருந்த டீக்கடைக்காரர் புதுத் தூள் போட்டிருப்பதாகச் சொன்னால், பழைய தூளிலும் ஒரு டீ போடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் குடித்துப் பார்ப்பார். "தாயி, டீ குடிக்க வந்தீகளா, பரிச்ச வைக்க வந்தீகளா?" என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். யாராவது சந்தோஷமாக ஏதாவது சொன்னால் அவர் வாயிலிருந்து முதலில் வருவது, "வேற எதனாலயும் இருக்கலாம்ல?" என்பதுதான். கேட்பவர் முகம் சுருங்கும். அதை அவர் கவனிப்பார், ஆனாலும் கேட்பார்.

எனக்கு அவமானமாகப் போன ஒரு சமயம் உண்டு. பேராசிரியர் கீழாநெல்லியைச் சோதிக்க முடிவு செய்தார். மஞ்சள்காமாலைக்கு நம் ஊரில் எல்லோரும் அரைத்துக் குடிப்பதுதான். எங்கள் பெரியம்மா வாடிப்பட்டிப் பக்கம் இருக்கிறார். வாய்க்கால் பாசனம், வரப்பெல்லாம் கீழாநெல்லி. நான்தான் ஆர்வமாக எல்லோரையும் அழைத்துப் போனேன். படித்த நான்கைந்து பேர் வரப்பில் குந்தி உட்கார்ந்து செடி பிடுங்குவதைப் பார்த்து, நடவு வயலிலிருந்த பெண்கள் சிரிப்பை அடக்கவில்லை.

"ஏத்தா, களை பறிக்கவா இம்புட்டுப் படிச்சீக? நாங்க படிக்காமலே பறிக்கிறோமே!"

பெரியம்மா அந்தப் பக்கத்தில் காமாலைக்கு மருந்து கொடுப்பவர். பெருமையாகச் சொன்னார்: "நான் குடுத்துப் பொழைக்காத ஆளே இல்ல. எம்புட்டுப் பேருன்னு கணக்கு வைக்கல."

அக்கா செடியின் வேரிலிருந்த மண்ணை உதறிக்கொண்டே கேட்டார், "குடுக்காம விட்டவங்கள்ல எத்தன பேருங்கம்மா பொழைச்சாங்க?"

"குடுக்காமயா? யாருக்கு நான் குடுக்காம விட்டேன்? வாசல்ல வந்து நின்ன ஒருத்தரயும் சும்மா அனுப்புனதில்ல!"

"அதத்தாம்மா சொல்றேன். சாதாரணக் காமாலை தானாவே போயிரும். ஒங்க மருந்தாலதான் போச்சான்னு எப்படித் தெரியும்?"

பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அடி ஆத்தி. யாருடா இவ, நீ கூட்டிட்டு வந்தவளா?" எனக்கு வரப்பு பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அக்கா சளைக்கவில்லை. மதியம் பெரியம்மா போட்ட சோற்றை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். கிளம்பும்போது பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வேலை செஞ்சா நானே வந்து சொல்லுவேம்மா. எனக்கும் வேலை செய்யணும்னு ஆசைதான்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தின் பொருள் எனக்கு அன்றைக்குத் தெரியாது.

தெரிந்தது ஒரு மழை நாளில், கேன்டீனில். எல்லாப் பெண்களும் நீளமாகப் பின்னல் போட்டிருக்க, நீங்கள் மட்டும் ஏனக்கா இப்படி வெட்டிக்கொண்டீர்கள் என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டேன்.

"கொட்டிப்போச்சு. மிச்சத்த வெட்டிட்டேன்" என்றார். "எனக்கு ஹெபடைட்டிஸ் சி இருக்குடா. ஒனக்கு யாரும் சொல்லலயா?"

வாயிலிருந்த வடையை என்னால் விழுங்க முடியவில்லை.

"பயப்படாத. வடை மூலமா ஒட்டாது."

நான் சேர்வதற்கு முன்னால் நடந்தது. ரத்தத்தில் இந்த வைரஸின் அடையாளம் இருக்கிறதா என்று காட்டும், சின்னச் சின்னக் குழிகள் கொண்ட சோதனைத் தட்டு ஒன்று புதிதாக வந்திருந்தது. நோயாளிகளின் ரத்தம் இருந்தது. பக்கத்தில் வைக்க நோயில்லாதவர் ரத்தம் வேண்டும். எந்த ஆய்வுக்கூடத்திலும் வழக்கம் ஒன்றுதான். யாராவது மாணவர் சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டுவார்கள்.

"நான்தான் நல்லா சாப்புடுறேன், நல்லா தூங்குறேன், ஒரு காய்ச்சல் கிடையாது. என்னோடத எடுத்துக்கங்கன்னு நீட்டுனேன். நான்தான் கன்ட்ரோல்." சிரித்தார். "மஞ்சள் வந்தா நோய். என் குழி பளிச்சுனு மஞ்சளா வந்துச்சு."

"தட்டு கெட்டுப்போயிருக்கும்" என்றேன்.

"சாரும் அதத்தான் சொன்னாரு. நான்தான் சொன்னேன், தட்டு கெட்டிருந்தா மத்த குழியும்ல கெட்டிருக்கணும்? அதெல்லாம் ஒழுங்கா இருக்கே சார். அப்ப இதுவும் ஒழுங்குதான்."

பள்ளி முடிக்கிற வயதில் திருமங்கலம் ரோட்டில் அவர் போன பஸ் கவிழ்ந்திருக்கிறது. ஆபரேஷன், யார் யாரிடமிருந்தோ வாங்கி ஏற்றிய ரத்தம். அந்தக் காலத்தில் ரத்தத்தில் இந்த வைரஸ் இருக்கிறதா என்று யாரும் பார்த்ததில்லை. அந்த ரத்தம்தான் அவரைப் பிழைக்க வைத்தது. அதோடுதான் இதுவும் வந்திருக்க வேண்டும். தட்டில் மஞ்சள் வந்த பிறகு ஆஸ்பத்திரியில் வாராவாரம் ஊசி போட்டார்கள். போட்ட நாளெல்லாம் காய்ச்சல், தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையில் வந்தது. வைரஸ் போய்விட்டது என்றார்கள். ஊசியை நிறுத்திய கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிட்டது. அவர் உடம்பில் இருந்த வகையும் எங்கள் குடுவைக்குள் இருந்த வகையும் ஒன்றுதான்.

பெண் பார்க்க வந்தவர்களிடமும் காப்பி கொடுத்த கையோடு இதைச் சொல்லிவிட்டாராம். "வந்தவங்க காப்பிய அப்படியே வச்சுட்டுப் போயிட்டாங்க. அம்மாவுக்கு அதுலதான் வருத்தம். பால் எம்புட்டு ஊத்தியிருந்தாங்க தெரியுமா?"

அதன்பின் அந்தக் குடுவைகளை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. காலையில் அவர் முகக்கவசம் கட்டி, கையுறை மாட்டி, செல்களுக்குப் புது உணவுத் திரவம் ஊற்றிக்கொண்டிருப்பார். உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே எதிரி. கீழாநெல்லிச் சாறு வேலை செய்தால் அது எங்களுக்கு ஒரு கட்டுரை. அவருக்கு அது உயிர்.

வேலை செய்தது. ஒரு புதன்கிழமை.

அந்த வைரஸ் துண்டோடு மின்மினிப்பூச்சியின் மரபணு ஒன்றையும் கோத்திருந்தார்கள். செல்களை உடைத்து ஒரு கரைசலை ஊற்றினால் ஒளி வரும். கண்ணுக்குத் தெரியாத ஒளி, கருவிக்குத் தெரியும். வைரஸ் கூடினால் ஒளி கூடும், குறைந்தால் குறையும். சாறு ஊற்றாத குழிகளில் ஒளி வழக்கம்போல. சாறு ஊற்றிய குழிகளில் பாதி. மூன்று தடவை செய்தோம், மூன்றிலும் பாதி. சாறு செல்களைக் கொன்றிருக்குமோ என்று நீலச் சாயம் போட்டும் பார்த்தோம். செத்த செல் நீலமாகும். நீலம் அங்கொன்று இங்கொன்றுதான். செல் சாகவில்லை, வைரஸ் குறைகிறது.

பேராசிரியர் அறையை விட்டு ஓடிவந்தார். ஆள் அனுப்பி அல்வா வாங்கி வரச் சொன்னார். திங்கட்கிழமை ஒரு மருந்துக் கம்பெனிக்காரர்கள் வருவதாக இருந்தது. அவர்களிடம் காட்டிவிடலாம் என்றார். நான் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று. அவர் முக்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டாவால் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"நெசமாவாடா?" என்றார் என்னிடம்.

அவ்வளவுதான். வேறெதுவும் கேட்கவில்லை. அல்வாவை எடுத்துச் சாப்பிட்டார். அம்மாவுக்குப் போன் செய்து அவர்கள் மொழியில் பேசினார். குரல் ஒரு சின்னப் பெண்ணின் குரலாக இருந்தது. அவரிடம் நான் அதிர்ந்த நாட்கள் பல. எதையுமே சந்தேகப்படாமல் அவர் அல்வா தின்ற அந்த நாளில் அதிர்ந்ததுபோல அதுவரை அதிர்ந்ததில்லை.

திங்கட்கிழமை என்ன நடந்தது என்பது எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. கம்பெனிக்காரர்கள் வருவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்னால் அக்கா பேராசிரியரின் மேசையில் ஒரு தாளை வைத்தார். படிக்கப் படிக்கப் பேராசிரியர் முகம் இருண்டது.

"ஏம்மா, இத ரெண்டு மூணு மாசம் கழிச்சுச் சொல்லியிருந்தா என்னம்மா?"

"அதுக்குள்ள யாராவது வாங்கிக் குடிச்சிருப்பாங்க சார்."

பேராசிரியர் நல்ல மனிதர். கம்பெனிக்காரர்களுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றார். அக்கா அந்த வாரமே வாடிப்பட்டிக்குப் பஸ் ஏறிப்போய், பெரியம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, திட்டும் வாங்கி, சாப்பிட்டும் வந்தார். அடுத்த வருடம் பட்டம் வாங்கி வேறு மாநிலத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். இருக்கிறார் என்று தெரியும். எப்படி இருக்கிறார் என்று நேராகக் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

ஆனால் அந்தத் தாளில் இருந்தது எப்படி வந்தது என்பது எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வில்லாபுரத்தில் நான் தங்கியிருந்த அறைக்கு அவரிடமிருந்து போன். முகமன்கூட இல்லை.

"டேய், நாம செத்தத மட்டும்தான எண்ணுனோம்?"

"ஆமாக்கா."

"பொறக்காதத எண்ணலயே."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. செல்கள் நாளுக்கு நாள் பெருகுபவை. சாறு அவற்றைக் கொல்லாமல், பெருகவிடாமல் மட்டும் தடுத்திருந்தால்? ஒரு குழியில் நிறைய செல், இன்னொன்றில் பாதிச் செல். அப்படியானால் ஒளியும் பாதியாகத்தான் இருக்கும். வைரஸ் குறைந்தே இருக்காது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அது பழையபடி உட்கார்ந்திருக்கும். இவ்வளவு பேர் இருந்தும் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. மருந்து என்றால் கொல்கிறதா என்று பார்த்துப் பழகியவர்கள் நாங்கள்.

"பொறப்பட்டு வா. எண்ணணும்."

பஸ் பிடித்துப் போனேன். விடுமுறை என்பதால் கட்டடத்தில் வேறு யாருமில்லை. இரண்டு குடுவைகள் தயாராக இருந்தன. வியாழக்கிழமையே இரண்டிலும் ஒரே அளவு செல்களைப் போட்டு, ஒன்றில் மட்டும் சாறு ஊற்றி வைத்திருக்கிறார்.

"புதன்கிழம ஒரு நாள்தான்டா சந்தோஷமா இருந்தேன். நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

குடுவைகளின் மேல் ஒன்று, இரண்டு என்று மட்டும் எழுதியிருந்தது. எதில் சாறு என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

"நீங்களே எண்ணலாமேக்கா?"

"நான் எண்ணக் கூடாது. நான் எண்ணுனா எனக்கு வேணுங்கிறதுதான் வரும்."

இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஜன்னல் பக்கம் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

செல்களைப் பெயர்த்தெடுத்து, கட்டம் போட்ட சின்னக் கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு விட்டு, நுண்ணோக்கியில் கட்டம் கட்டமாக எண்ண வேண்டும். கையில் பஸ் கண்டக்டர் பையில் இருப்பதுபோல ஒரு சின்ன யந்திரம். ஒரு செல்லுக்கு ஓர் அமுக்கு. அந்த அமைதியில் அது டிக் டிக் என்று கேட்டது. முதல் குடுவையில் கட்டங்கள் நெருக்கமாக நிரம்பியிருந்தன. எண்ணி எழுதினேன். இரண்டாவது குடுவை. டிக் சத்தம் இடைவெளி விட்டு விட்டுக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

"முடிச்சிட்டேன்க்கா."

"சொல்லு."

"ரெண்டாவதுல பாதிதான் இருக்கு."

முதுகு அசையவில்லை. "செத்தது?"

"ரெண்டுலயுமே இல்லக்கா. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. குறைச்சலா இருக்கு, அவ்வளவுதான்." தைரியம் வரவழைத்துக்கொண்டு கேட்டேன், "ரெண்டாவதுல என்னக்கா?"

"ஒங்க பெரியம்மா ஊட்டுக் கீழாநெல்லி."

வெளியே எங்கோ ஒரு மயில் கத்தியது. நான் யந்திரத்தைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

"இன்னொரு தடவ எண்ணு" என்றார்.

எண்ணினேன். புதுச் சொட்டு, புதுச் சில்லு. கணக்குச் சரியாக வரவேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து வேண்டிக்கொண்டு வந்தவன், அன்றைக்குத் தப்பாக வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எண்ணினேன். அதேதான் வந்தது. சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அப்போது மேசை மேலிருந்த அவர் செல்போன் அடித்தது. அம்மா. எடுத்து அவர்கள் மொழியில் இரண்டு வாக்கியம் சொன்னார். அம்மா ஏதோ கேட்டிருக்க வேண்டும். அக்கா போனை என்னிடம் நீட்டினார். "ஒன்கிட்டப் பேசணுமாம்."

"தம்பி, எண்ணுனது நீயாப்பா?" அம்மாவின் தமிழ் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"ஆமாம்மா."

"அவ பக்கத்துல நின்னு அவசரப்படுத்துனாளா?"

"இல்லம்மா. திரும்பி உட்கார்ந்திருந்தாங்க."

"கரெக்டா எண்ணுனியா சாமி?"

"எண்ணுனேம்மா. ரெண்டு தடவ."

பின்னால் ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினேன். அக்கா நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். தானே ஒரு சில்லைத் துடைத்து, இரண்டாவது குடுவையிலிருந்து சொட்டு விட்டிருந்தார். எண்ணும் யந்திரம் இப்போது அவர் கையில் இருந்தது. எண்ணக் கூடாது என்று சற்று முன்பு சொன்னவர், குனிந்து, உதடு அசைய எண்ணத் தொடங்கியிருந்தார்.

"என்னப்பா சத்தம்?" என்றார் அம்மா.

"அக்கா எண்ணுறாங்கம்மா" என்றேன்.

அம்மா போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவர் எண்ணி முடிக்கட்டும் என்று இருவரும் காத்திருந்தோம்.